பொட்டிப்புரம் மலையடிவாரத்தில் புலியும் புள்ளியும்

விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேனிப் பக்கம் செல்வோர் பலர். சுருளி அருவியையும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களையும், தேக்கடி ஏரியையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் போடியிலும் சின்னமனூரிலும் உறவினர் இல்லங்களில் ஓரிரு நாள் தங்கிச் செல்வோரும் உண்டு. 1956ஆம் ஆண்டில் உத்தமபாளையத்தில் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் பயின்று, பின்னர் உலகின் பல பாகங்களுக்கும் சென்ற நம்மவர்களும் ஏராளம். ஆயினும், அதே பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்தை நாடிச் சென்றவர்கள் சிலரே.

மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட மலையடிவாரப் பகுதியில் அமைந்த சிற்றூர் அது. அங்கே நின்று மேற்கே நோக்கினால் போடி மேற்கு மலைகள் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அப்பக்கமே பொழிந்துவிடுவதால், இப்பக்க அடிவாரம் வறண்டு, முட்புதரும் கரடுமாகக் காட்சி தரும். மலையின் ஒரு பக்கம் சோலை, மறு பக்கம் புதர்க்காடு. ஆடு மாடுகளை ஓட்டிச் செல்வோரையும், ஏலத்தோட்ட வேலைக்காக ஜீப்புகளில் மலையேறுவோரையும் இவ்வட்டாரத்தில் நாள்தோறும் காணலாம்.

ஒரு மலையும் ஒரு வழக்கும்

இச்சிற்றூரின் பெயர் டெல்லி வரை எட்டியதற்குக் காரணம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். முதலில் நீலகிரியின் சிங்காரா என்னுமிடத்தில் அமைவதாக இருந்த இத்திட்டம், அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009இல் அங்கு மறுக்கப்பட்டது. அதன் பின்னர் பொட்டிப்புரம் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்து, உள்ளே 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

நியூட்ரினோத் துகள்களால் தீங்கேதும் இல்லை. அவை நம் உடலினூடே ஒவ்வொரு நொடியும் கணக்கின்றிக் கடந்துகொண்டிருப்பவைதாம் என்று அறிவியலாளர்கள் விளக்கினர். பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதால் நிலத்தடி நீர் என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று ஊர் மக்கள் கேட்டனர். வழக்குகள் எழுந்தன. அவ்வழக்குகளில் ஒரு சிறிய எண் பெரிய கேள்வியாகி நின்றது. மலைக்கு அப்பாலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து இந்த இடம் 4.9 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதே அது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அப்போதைய சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் இம்மலை என்று கூறி, திட்டம் இங்கே வேண்டாமென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

வாசகர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். அறிவியலுக்கும் ஆட்சிக்கும் நடுவே வாய் பேசாத ஒரு விலங்கின் நடைபாதை சான்றாக வைக்கப்பட்டது! ஊர்வன, பறப்பன யாவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று அல்குர்ஆனின் அன்ஆம் அத்தியாயம் அறிவிப்பதை நாம் ஓதியிருக்கிறோம். சமுதாயம் என்றால் அதற்கு ஓர் ஊரும், ஊருக்குச் செல்ல ஒரு பாதையும் வேண்டுமல்லவா?

பாதை மறிக்கப்பட்டால் நேர்வது என்ன என்பதைக் கம்பம் மக்கள் நேரில் கண்டனர். மதிகெட்டான் சோலைக்கு அருகிலுள்ள சின்னக்கானலில் திரிந்த ‘அரிக்கொம்பன்’ என்னும் யானையை 2023 ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டனர். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஊரடங்கு போடப்பட்டது, ஓர் உயிரும் பறிபோனது. ஜூன் 5 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டு, தெற்கே முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மனிதன் வரைந்த எல்லைக்கோட்டை யானை அறியாது. அது அறிந்ததெல்லாம் தன் பழைய வழியே.

பிள்ளைகளின் வண்ணப் பெட்டி

இனி, பிள்ளைகளுக்கான செய்திக்கு வருவோம். கடைகளில் விற்கும் வண்ணம் தீட்டும் புத்தகங்களில் சிங்கம், புலி, ‘சீட்டா’ ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. சீட்டா என்பதற்குக் கீழே பெரும்பாலும் ‘சிறுத்தை’ என்று அச்சிட்டுவிடுகின்றனர். பிள்ளையும் அப்படியே மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு விலங்குகள். சிறுத்தை தேனி மலைகளில் இன்றும் வாழ்வது. சீட்டாவுக்குத் தமிழில் ‘சிவிங்கி’ அல்லது ‘சிவிங்கிப்புலி’ என்ற பழம்பெயர் உண்டு. அகராதிகளில் இடம்பெற்ற அப்பெயரை நாம் மறந்தோம், அவ்விலங்கையும் இழந்தோம்.

அரபு மொழி இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. சிறுத்தைக்கு ‘நமிர்’, சிவிங்கிக்கு ‘ஃபஹத்’. உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஃபஹத் என்று ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அப்பெயரின் பொருளை அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அதிகம் உறங்குபவரை ஃபஹதுக்கு ஒப்பிடும் பழமொழியும் அரபியரிடம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வீடே சிரிக்கும்! ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் உம்மு ஸர்வு பற்றிய நீண்ட ஹதீஸில், பதினொரு பெண்களுள் ஒருத்தி தன் கணவர் வீட்டினுள் நுழைந்தால் ஃபஹதைப் போன்றவர், வெளியே சென்றால் சிங்கத்தைப் போன்றவர் எனும் பொருள்படக் கூறுகிறாள். வீட்டில் எதையும் துருவிக் கேட்டுக் குற்றம் காணாத மென்மையை அவள் புகழ்ந்ததாக விளக்கம் கூறுவோர் உண்டு.

வண்ணம் தீட்டும்போது பிள்ளைகள் நினைவிற்கொள்ள வேண்டிய அடையாளங்கள் வருமாறு:

சிவிங்கியின் உடல் வைக்கோல் நிறம், வயிறு வெண்மை. புள்ளிகள் ஒவ்வொன்றும் உள்ளே நிறைந்த கருமை. பொட்டு வைத்தாற்போல் இருக்கும். ஓர் உடலில் ஏறத்தாழ இரண்டாயிரம் புள்ளிகள் காணப்படும். கண்ணின் உள்மூலையிலிருந்து வாயோரம் வரை கண்ணீர் வழிந்த தடம்போல் ஒரு கருங்கோடு இறங்கும். வாலின் கடைப்பகுதியில் கறுப்பு வளையங்களும் நுனியில் பெரும்பாலும் வெள்ளைக் குஞ்சமும் உண்டு. குட்டிகளுக்கோ முதுகில் சாம்பல் நிறத்தில் நீண்ட மயிர் போர்த்தியிருக்கும்.

சிறுத்தையின் உடல் பொன்மஞ்சள். அதன் புள்ளி பொட்டன்று, பூ. நடுவில் சற்றே அடர்ந்த மஞ்சளும், சுற்றிலும் உடைந்த கறுப்பு இதழ்களுமாக இருக்கும். முகத்தில் கண்ணீர்க்கோடு கிடையாது. கருஞ்சிறுத்தை என்பது தனி இனமன்று. கருமை மிகுந்து பிறந்த சிறுத்தையே. வெயிலில் உற்றுப் பார்த்தால் அதன் தோலிலும் அப்பூக்கள் தெரியும்.

புலிக்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. செம்மஞ்சள் உடலில் கறுப்பு வரிகள். காதின் பின்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. மனிதரின் விரல்ரேகையைப் போலவே ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு அமைவதில்லை. சிறுத்தையின் பூவும் சிவிங்கியின் பொட்டும் அவ்வாறே. காட்டில் தானியங்கிப் படக்கருவிகளை வைத்து விலங்குகளைக் கணக்கெடுப்போர் இவற்றைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கின்றனர். வல்லோனின் கைவண்ணம் ஒருமுறை வரைந்ததை மறுமுறை வரைவதில்லை!

உயிரினங்களின் உருவத்தை வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நம் இல்லங்கள் அறியும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளுடன் விளையாடியதையும், அவற்றுள் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கண்டு புன்னகைத்ததையும் சான்றாகக் கொண்டு, சிறுவர் விளையாட்டுக்கும் கல்விக்கும் சலுகை உண்டு என்போர் பலர். அதனினும் பேணுதலை விரும்பும் பெற்றோருக்கு ஓர் எளிய வழி உண்டு. விலங்கின் உருவத்தை விட்டுவிட்டு, தோலின் கோலத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஒரு தாளை மூன்று கட்டமாகப் பிரித்து, ஒன்றில் பொட்டு, ஒன்றில் பூ, ஒன்றில் வரி. அடுத்த தாளில் காலடித் தடங்கள். புலியும் சிறுத்தையும் நடக்கையில் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தடத்தில் நகக்குறி பதியாது. சிவிங்கி நகத்தை முழுவதும் மறைக்க இயலாதது. ஆகவே அதன் தடத்தில் நகக்குறி தெரியும். இவ்விரு தாள்களையும் நிறைவு செய்த பிள்ளை, படப்புத்தகம் முழுவதையும் தீட்டிய பிள்ளையைவிட அதிகம் அறிந்திருக்கும்.

ஓட்டத்தின் இலக்கணம்

நிலத்தில் ஓடும் விலங்குகளில் சிவிங்கிக்கு நிகர் இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டும் வேகம் அதற்கு வாய்த்திருக்கிறது. ஒரு பாய்ச்சலில் ஏறத்தாழ ஏழு மீட்டர் கடந்துவிடும். வெளியே நீண்டிருக்கும் நகம் தரையைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. நீண்ட வால் படகின் சுக்கான்போல் திருப்பங்களில் உடலைச் சமன் செய்கிறது. எனினும் அவ்வேகம் சில நூறு மீட்டர் தூரமே நீடிக்கும். அதற்குள் இரை சிக்காவிடில் ஓட்டத்தை நிறுத்திவிடும். சிக்கினாலும் மூச்சிரைக்க அமர்ந்து இளைப்பாறும் வேளையில் கழுதைப்புலியோ சிங்கமோ வந்து இரையைப் பறித்துச் செல்வதுண்டு. எதிர்த்துப் போரிடும் வலிமை அதற்கு இல்லை. சிங்கம்போல் கர்ச்சிக்கவும் அதற்கு இயலாது. பறவைபோல் கீச்சிடும், பூனைபோல் குறுகுறுக்கும்.

இம்மென்மையே அதனை மனிதர் வசமாக்கியது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்குகள் பிடித்துத் தரும் இரையை அல்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. அவ்வசனத்துக்கு விளக்கம் எழுதிய அறிஞர்கள் நாய், பருந்து ஆகியவற்றோடு ஃபஹதையும் குறிப்பிடுகின்றனர்.

முகலாயப் பேரரசர் அக்பர் ஆயிரம் சிவிங்கிகள் வரை வைத்திருந்தார். கண்களை மறைத்து மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று, மான் கூட்டத்தின் அருகே மறைப்பை நீக்கி அவிழ்த்துவிடுவர். ‘சமந்த் மாணிக்’ என்ற சிவிங்கி பல்லக்கில் சுமந்து செல்லப்பட்டது. முன்னால் முரசும் முழங்கியது. ஆயினும் தோட்டங்களில் உலவ விட்டும் அவை குட்டி ஈனவில்லை என்று அவருடைய மகன் ஜஹாங்கீர் எழுதி வைத்தார். தம் காலத்தில் ஒரே ஒரு முறை, கட்டவிழ்ந்த ஆண் ஒன்று பெண்ணோடு சேர்ந்ததில் மூன்று குட்டிகள் பிறந்ததையும் வியப்போடு பதிவு செய்தார். அதற்கடுத்து, மனிதர் காவலில் சிவிங்கி குட்டி ஈன்றதாக உலகம் அறிந்தது 1956இல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையில்தான்!

ஜஹாங்கீரின் குறிப்பில் பிள்ளைகள் விரும்பும் செய்தி இன்னொன்றும் உண்டு. 1608இல் அவரிடம் வெள்ளைச் சிவிங்கி ஒன்று கொண்டுவரப்பட்டது; அதன் புள்ளிகள் நீல நிறமாக இருந்தனவாம். ஆகவே உங்கள் பிள்ளை நீல வண்ணக்கோலை எடுத்துப் புள்ளி வைத்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அதற்கும் ஒரு பேரரசரின் சாட்சியம் இருக்கிறது.

சென்னையிலிருந்து சென்ற சிவிங்கி

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. சென்னையின் ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகட், 1764இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைப் பரிசளித்தார். அதனைப் பராமரிக்க இந்தியப் பணியாளர்களும் உடன் சென்றனர். வின்சர் பூங்காவில் ஒரு கலைமானின் மீது அதனை ஏவிப் பார்த்தபோது, மான் கொம்பால் எதிர்த்து விரட்டிவிட்டது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர் அச்சிவிங்கியையும், வெள்ளுடை அணிந்த இரு இந்தியரையும், மானையும் தீட்டிய ஓவியம் இன்று மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. மன்னர்கள் மகிழ்ந்தனர், ஓவியம் புகழ் பெற்றது. அவ்விலங்கு கண்டதோ அயல்மண்ணின் அடைப்பு வாழ்வு.

காட்டில் பிடித்துக்கொண்டே இருந்தனர். காவலில் பிறப்போ இல்லை. புல்வெளிகள் தரிசு என்று கருதப்பட்டு உழவுக்குப் போயின. வெளிமான்கள் குறைந்தன. பிரிட்டிஷ் ஆட்சியில் கொடிய விலங்கென்று கருதிக் கொல்வோருக்குப் பரிசுப் பணமும் தரப்பட்டது. இறுதியாக 1947இல், இன்று சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் அரசர் ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். அன்று சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூர் மாவட்டத்தில் ஒன்று தென்பட்டதாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1952இல் ஒரு குறிப்பு வெளியானது. அதே ஆண்டில் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. சில மாண்டன; இந்திய மண்ணில் குட்டிகளும் பிறந்தன. இவை ஆப்பிரிக்க வகை. நம் நாட்டில் ஓடிய ஆசிய வகையோ ஈரானில் மட்டுமே, ஐம்பதுக்கும் குறைவாக எஞ்சியிருக்கிறது. இழப்பது ஓர் இரவில் முடிந்தது. மீட்பதற்கு எத்தனை தலைமுறை ஆகுமோ!

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள், செல்வந்தர் வீட்டுக் கார்களில் சிவிங்கிக் குட்டி அமர்ந்திருக்கும் படங்களைக் கண்டிருப்பர். அக்குட்டிகளில் பல எத்தியோப்பியா, சோமாலியாப் பகுதிகளில் தாயிடமிருந்து பறிக்கப்பட்டு, கள்ளத்தனமாகக் கடல் கடத்தப்படுபவை. வழியிலேயே மடிபவை மிகுதி. ஐக்கிய அரபு அமீரகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வன விலங்குகளை வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் முடிவு குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். பூனைக்கே அந்நியாயம் எனில், உலகிலேயே வேகமாக ஓடப் படைக்கப்பட்ட உயிரைச் சங்கிலியில் கட்டுவதற்கு என்ன விடை சொல்வோம்? அத்தகைய படங்களைக் கண்டு வியந்து பிறருக்கு அனுப்புவதும் அவ்வணிகத்துக்கு விளம்பரமே.

எனவேதான் பொட்டிப்புரத்துக்குச் சென்று வாருங்கள் என்கிறோம். அங்கே சிவிங்கி இல்லை. நுழைவுச்சீட்டும் இல்லை, காட்சிக்கூண்டும் இல்லை. காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழையவும் கூடாது. ஊரின் ஓரத்தில் நின்று மலையைக் காட்டினாலே போதும். “இம்மலைக்கு அப்பால் மதிகெட்டான் சோலை, தெற்கே பெரியாறு, பள்ளத்தாக்கின் கிழக்கே 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு. இவற்றினிடையே புலியும் சிறுத்தையும் யானையும் நடக்கின்றன. சிவிங்கிக்கும் இப்படி வழிகள் இருந்தன, காக்க ஆளில்லாமல் போயின” என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆடு மேய்ப்பவரின் மேய்ச்சல் நிலமும் விலங்கின் நடைபாதையும் ஒரே மலையில்தான் இருக்கின்றன என்பதையும், இருவர் உரிமையையும் பேணுவதே நீதி என்பதையும் அவர்கள் அங்கேயே உணர்வார்கள்.

வீடு திரும்பியதும் வண்ணப் பெட்டியைக் கொடுங்கள். பொட்டும் பூவும் வரியும் பிசகாமல் அவர்கள் தீட்டட்டும். சிவிங்கியை நம் பாட்டனார் காலத்தில் இழந்துவிட்டோம். சிறுத்தையையும் புலியையும் நம் பேரர்கள் புத்தகத்தில் மட்டும் காணும் நிலை வாராமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.